விறகோடு வந்த பூ

ரங்கூனின் கியாக்டடாத் தெருக்களின் முன்பக்கத்தைப் பற்றிப் பேச நம்மில் இன்னும் நாலைந்து பேர் இருக்கிறோம். டிராம் மணி, பாங்கிக் கட்டடத்துத் தூண்கள், சூலே பகோடாவின் தங்க முடி என்று ஒருவர் தொடங்கினால் மற்றவர்கள் பிடித்துக்கொள்கிறோம். போன வாரம் தின்கன்ஜூனில் என் மகன் வீட்டுக் கூடத்தில் நாம் கூடியபோதும் அதுதான் நடந்தது. பின்பக்கங்களைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எனக்கோ ரங்கூன் என்றதும் கண்ணில் வந்து நிற்பது ஒரு பின்முற்றம். ஒரு தை மாசியில் அங்கே பூத்த பூக்களையும், அந்தப் பூக்களுக்கு நடுவே எங்கள் வீட்டில் நடந்த ஒரு குழப்பத்தையும் அன்றைக்கே சொல்ல நினைத்தேன். உங்கள் சத்தத்தில் எனக்கு இடம் கிடைக்கவில்லை. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு "இவ்வளவுதானா?" என்று கேட்கப்போவது யார் என்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு அப்போது எட்டு வயது. முதல் உலகப் போர் முடிந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அப்பா அலோன் படகுத்துறையில் கிளார்க். படகிலிருந்து இறங்கும் சரக்கை எண்ணிச் சீட்டெழுதுவது அவர் வேலை. பல வருடம் தனி ஆளாக இருந்துவிட்டு, அதற்கு முந்தைய வருடம்தான் அம்மாவையும் என்னையும் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் வரவழைத்திருந்தார். அந்தக் கப்பல் பயணம் என் தலைக்குள் அப்படியே இருந்தது. தண்ணீருக்கு மேலே பறந்து விழும் மீன்கள், கப்பல்காரர் ஒருவர் கையில் வைத்த கல் மாதிரி பிஸ்கட், ராத்திரி முழுக்கத் தொட்டில் போல ஆடும் தளம். இதை இப்போதே சொல்லி வைக்கக் காரணம் உண்டு.

மூன்று மாடிக் கட்டடத்தில் கீழ்த்தளம் எங்களுடையது. ரயில் பெட்டி மாதிரி நீளமான வீடு. தெருப்பக்கம் ஓர் அறை, நடுவில் வெளிச்சமே எட்டாத ஓர் அறை, அப்புறம் சமையற்கட்டு. அதைத் தாண்டினால் முற்றம். முற்றம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு பாய் விரிக்கலாம். மூன்றாவது பாய் சுவரில் மடங்கும். சிமெண்டுத் தரை, ஒரு குழாய், சுற்றிலும் உயர்ந்த செங்கல் சுவர், ஒரு மூலையில் மாடிகளுக்கு ஏறும் சுருள் இரும்புப் படி. அண்ணாந்து பார்த்தால் ஒரு துண்டு வானம்.

அந்தத் துண்டு வானத்தின் கீழே அம்மா தோட்டம் போட்டாள். மண்ணெண்ணெய்த் தகரம், விளிம்பு உடைந்த மர்தபான் மண் ஜாடி, பிஸ்கட் டப்பா, துறையில் சேற்றில் போட்டு அப்பா கிழித்த ரப்பர் பூட்ஸ் ஒன்று எல்லாமே தொட்டிகள்தான். பூட்ஸில் நித்தியகல்யாணி. ஜாடியில் மல்லிகை. தகரங்களில் பன்னீர் ரோஜா, செவ்வந்தி, டிசம்பர்ப் பூ. பிஸ்கட் டப்பாவில் வெங்காயம் மாதிரி ஒரு கிழங்கு. அது எங்கிருந்து வந்தது என்று கேட்டால் "குப்பையில கிடந்துச்சு" என்பாள் அம்மா. மூக்கு ஒடிந்த ஓர் எனாமல் கெட்டில் இருந்தது, வெள்ளையில் நீலப் புள்ளி போட்டது. அதில்தான் தண்ணீர் விடுவாள். அந்தக் கெட்டில் எப்போது, எங்கே போயிற்று என்று எவ்வளவு யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.

அம்மா அதிகம் பேசமாட்டாள். அப்பா அவளைவிடக் குறைவு. அவர்களுக்கு நடுவில் நான்தான் தபால்காரி. "குளிக்கத் தண்ணி வெச்சாச்சுன்னு அப்பாகிட்டச் சொல்லு." "சட்டைக்குப் பொத்தான் தைக்கணும்னு அம்மாகிட்டச் சொல்லு." அப்பாவும் அம்மாவும் நாலடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பார்கள். சண்டை ஒன்றும் இல்லை. வருடக்கணக்காகக் கடிதத்திலேயே குடும்பம் நடத்தியவர்கள். நேரில் பேச இன்னும் பழகவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் குழாய்க்குத் தண்ணீர் பிடிக்க இரும்புப் படியில் இறங்கி வருபவள் முதல் மாடியில் இருந்த பர்மாக்காரப் பெண்மணி. நான் அவளை மாடி வீட்டுப் பெரியம்மா என்பேன். வெல்வெட் செருப்புகளுக்கு வார் தைப்பவள். கன்னத்தில் தனாக்கா மரப்பட்டைப் பூச்சு, வாயில் கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு சுருட்டு. கடைத்தெருவில் நம் ஆட்களோடு பேசிப் பேசிக் கற்றுக்கொண்ட தமிழை ஒரு கூச்சமும் இல்லாமல் பேசுவாள்.

அந்த வருட மழைக்காலத்தில் இரண்டு காரியங்கள் நடந்தன. ஒன்று, அப்பா துறையிலிருந்து ஒரு கைவண்டி விறகு அனுப்பினார். ஆற்றுப் படகில் மேல் பர்மாக் காட்டிலிருந்து வந்த விறகு, பட்டை உரிக்காதது. அடுப்பில் வைக்கப்போன ஒரு கட்டையில் பச்சைப் பாசிமணிகளைக் கோத்து ஒட்டினாற்போல ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மணியிலிருந்தும் ஓர் இலை. அம்மா அந்தக் கட்டையை அடுப்பிலிருந்து வெளியே இழுத்தாள். நுனியில் தீப்பிடித்திருந்தது. குழாயடியில் போட்டு அணைத்தாள். பிறகு அதைக் கயிற்றில் கட்டி இரும்புப் படியின் அடியில் தொங்கவிட்டாள்.

இரண்டாவது, அம்மாவுக்குக் குளிர் ஜுரம் வந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் நடுக்கம். மழை விடுவதற்குள் மூன்று முறை படுத்து எழுந்தாள். கம்பவுண்டர் வந்து நாக்கைப் பார்த்தார், வயிற்றை அழுத்தினார், பிறகு முற்றத்தை எட்டிப் பார்த்தார்.

"இத்தனை செடியை வீட்டோட வெச்சுக்கிட்டா ஜுரம் வராம என்ன செய்யும்? இதுங்க விடுற மூச்சு நஞ்சு. இந்த ஊர்த் தண்ணியும் அவங்களுக்கு ஒத்துக்கல. கொஞ்ச நாள் ஊருக்கு அனுப்பி வையுங்க" என்றார்.

செடியின் மூச்சில் நஞ்சு இல்லை. குழாயடித் தொட்டியில் எப்போதும் தேங்கி நின்ற தண்ணீரில் கொசுப் புழு நெளிந்தது. அதைக் கம்பவுண்டர் உட்பட யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பா அன்றிலிருந்து செடிகளைச் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தார்.

மழை நின்று குளிர் வந்ததும் அம்மா தேறிவிட்டாள். ஆனால் எங்கள் முற்றத்துக்குக் குளிர்காலத்தில் ஒரு கஷ்டம் உண்டு. சூரியன் தெற்கே சாய்ந்து போய்விடும். எதிர்ச்சுவரின் உச்சியில் மட்டும் மத்தியானம் ஒரு பட்டை வெயில் விழும். தரையில் இருக்கும் செடிகளுக்கு ஒன்றும் கிடைக்காது. அம்மா மரப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, அவற்றின் மேல் பலகை போட்டு, தொட்டிகளை வெயில் எட்டும் உயரத்துக்கு ஏற்றினாள். தை பிறந்ததும் வெயில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவரில் கீழே இறங்கத் தொடங்கியது. தினமும் மத்தியானம் அம்மா சமையற்கட்டு வாசலில் சுவரைப் பார்த்து உட்காருவாள். வெயில் எந்த இடம்வரை இறங்குகிறதோ அங்கே அடுப்புக்கரியால் ஒரு சின்னக் கோடு. நேற்றைய கோட்டுக்குக் கீழே இன்றைய கோடு. கோடு இறங்க இறங்க ஒரு பெட்டியை எடுத்துவிட்டுத் தொட்டிகளைத் தாழ்த்துவாள். பல நாள் நான்தான் பெட்டிமேல் ஏறி, எக்கி நின்று கோடு போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வீட்டில் இருப்பார். அவர் கண்ணில் பட்டது வேறு. மனைவி மத்தியானம் முழுக்க வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சுவரில் வரிசையாகக் கரிக்கோடு. என்ன என்று அவர் கேட்கவில்லை.

அப்படி ஒரு ஞாயிறு மாலை என்னை அலோன் ஆற்றங்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனார். சூடான பயாஜோ வடை வாங்கித் தந்தார். படகுகளைப் பார்த்துக்கொண்டே, என்னிடம் பேசுகிற மாதிரியும் தனக்குத்தானே பேசுகிற மாதிரியும் சொன்னார்.

"உங்கம்மாவுக்கு இங்க இருப்பு கொள்ளல கண்ணு. ஜெயில்ல இருக்கறவன் மாதிரி சுவத்துல கோடு போட்டு நாள் எண்ணிக்கிட்டிருக்கா. ஊருக்கே அனுப்பிடலாம்னு பாக்கறேன். நீங்க ரெண்டு பேரும் போயிட்டா எனக்குத்தான் வீடு வெறிச்சுன்னு கிடக்கும். என்ன பண்றது?"

"கப்பல்லயாப்பா?" என்றேன்.

"கப்பல்லதான்."

அந்தக் கோடுகள் என்னவென்று எனக்குத் தெரியும். வாய் நிறைய வடை இருந்தது. அதை விழுங்கிவிட்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. பறக்கும் மீன்கள் கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டன.

இரண்டு நாள் கழித்து, சோறு போடும்போது அப்பா தட்டைப் பார்த்தபடி, "மாசிக் கடைசியில கப்பல். உங்க ரெண்டு பேருக்கும் டிக்கெட்டுக்குச் சொல்லிட்டேன்" என்றார்.

அம்மா, "சரி" என்றாள். இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

அவர் ஆபீசுக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். தலையை வாரிவிடுகிற சாக்கில், "அப்பா உன்கிட்ட ஏதாச்சும் சொன்னாரா?" என்று கேட்டாள்.

"நாம ஊருக்குப் போனாத்தான் அப்பாவுக்கு நல்லதாம்" என்றேன்.

சீப்பு நடுத்தலையில் நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. "அப்படியா சொன்னாரு" என்றாள். கேள்வியாகக் கேட்கவில்லை. மழைக்காலம் முழுக்கப் படுத்துக் கிடந்து அவருக்குப் பாரமாகிவிட்டோம் என்று அவள் முன்பே நினைத்திருந்தாளாம். என் பொய் அந்த நினைப்பின் மேல் போய் அழகாக உட்கார்ந்துவிட்டது. இது எனக்குத் தெரிந்தது எத்தனையோ வருடம் கழித்து, அவளே சொல்லித்தான்.

இப்படி ஒரு வீட்டில் மூன்று பேர் மூன்று விதமாக நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் பூக்கள் ஆரம்பித்தன.

முதலில் ரோஜா. ஒரே வாரத்தில் ஏழு மொட்டு. அடுத்து, பிஸ்கட் டப்பாவிலிருந்த கிழங்கு இலையைக்கூடக் காட்டாமல் பச்சைக் குழாய் மாதிரி ஒரு தண்டை நீட்டியது. அதன் நுனி வெடித்து, நாலு திசைக்கும் நாலு சிவப்புப் பூ. ஒவ்வொன்றும் என் முகத்தளவு. கிராமபோன் குழாயைப் போல இருக்கிறது என்று நான் சொன்னேன். குப்பையில் கிடந்ததற்கு வந்த கோலத்தைப் பார் என்று அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். மல்லிகை தளிர்விட்டுப் பல் முளைத்தாற்போல மொட்டு வைத்தது. செவ்வந்தி முடிகிற நேரம். வாடிய தலைகளைக் கிள்ளிப் போட்டதில் அதுவும் இரண்டாம் சுற்றுப் பூத்தது.

முற்றத்தில் இடம் போதவில்லை. அம்மா ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்தாள். சமையற்கட்டு ஜன்னலில் ரோஜா. வெளிச்சமில்லாத நடு அறையில் சிவப்புப் பூ. விளக்கே வேண்டியிருக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், ஆனால் அந்த அறைக்குள் அதன் பிறகு நான் தடுமாறவில்லை. அப்பாதான் தடுமாறினார். வாசலில் பூட்ஸ் கிடக்கிறதென்று காலை விட்டு, ஈர மண்ணும் நித்தியகல்யாணியுமாக வெளியே எடுத்தார். காலைக் கழுவிக்கொண்டு, பூட்ஸைச் சுவரோரம் நகர்த்தி வைத்தார். போகப்போகிறவள்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பார்.

படிக்கு அடியில் தொங்கிய விறகுக் கட்டை மட்டும் எங்களை ஏமாற்றியது. மார்கழியிலேயே இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்ந்து, மணிகள் சுருங்கிப்போய்விட்டன. அப்பா ஒருநாள் அதைத் தட்டிப் பார்த்து, "காஞ்சு போச்சு, அடுப்புல வெச்சிரு" என்றார். அம்மா எடுக்கப் போனாள். குழாயடியில் நின்ற மாடி வீட்டுப் பெரியம்மா ஓடிவந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தங்கச்சி, வேணாம். இது சாகல. தூங்குது. நீ பொறு. நான் சொல்லுது, நீ பொறு."

பொறுத்தோம். மாசி பிறந்து சில நாளில் அந்த மொட்டை மணிகளின் அடியிலிருந்து வளைந்த காம்புகள் எட்டிப் பார்த்தன. ஒரு விடியற்காலை என்னை எழுப்பியது வாசனை. எலுமிச்சைத் தோலையும் காய்ச்சின பாலையும் ஒன்றாக முகர்ந்தாற்போல. முற்றத்துக்கு ஓடினேன். ஒவ்வொரு காம்பிலும் பச்சரிசியைக் கோத்தாற்போல வெள்ளைப் பூக்கள், வரிசை வரிசையாக, கீழ்நோக்கித் தொங்கிக்கொண்டிருந்தன. இலை ஒன்றுகூட இல்லை.

பெரியம்மா சுருட்டை வெளியே எறிந்துவிட்டுத்தான் பக்கத்தில் வந்தாள். "தஸின்! தஸின்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "இது ராஜா வீட்டுப் பூ, தங்கச்சி. முன்னால ராணி தலையில மட்டும் வெக்கும். நீ அடுப்புல வெக்கப் போச்சு!"

அன்றைக்கு அம்மா கட்டையை முன்னறைக்குக் கொண்டுவந்து ஜன்னல் கம்பியில் கட்டினாள். தெருவில் போனவர்கள் நின்று முகர்ந்துவிட்டுப் போனார்கள். எதிர்வரிசைச் சீனத் தச்சர் தொழிலாளிகளோடு வந்து பார்த்தார். அப்பாவுக்கு அந்த ஜன்னலடிதான் காலையில் செய்தித்தாள் படிக்கிற இடம். பேப்பரை விரித்துப் பிடித்துக்கொண்டு ஒரே பக்கத்தை வெகுநேரம் படித்தார். செடியின் மூச்சு நஞ்சு என்று கம்பவுண்டர் சொன்னதை அன்றைக்கு அவர் நினைவுபடுத்தவில்லை.

ஒரு காம்பைப் பகோடாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று பெரியம்மா ஆசைப்பட்டாள். "நீயும் வா, தங்கச்சி. பூ உன்னோடது" என்றாள். வீட்டைவிட்டுக் கடைத்தெருவுக்குக்கூடப் போகாத அம்மா, அன்று புடவையை மாற்றிக்கொண்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு சூலேவரை நடந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினோம். கல் குளிர்ந்து கிடந்தது. அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் தஸினைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். நான் மொழிபெயர்க்க வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா பர்மியில் பதில் சொல்லிவிட்டாள்! பூவுக்கான சொல், தண்ணீருக்கான சொல், எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட வேண்டும் என்பது, எல்லாம் அவள் வாயில் வந்தது. ஒரு வருடமாகக் குழாயடியில் பெரியம்மாவிடம் அவள் கற்றுக்கொண்டிருந்தது எனக்குத் தெரியவே தெரியாது. இந்த ஊர்ப் பேச்சு அவளுக்கு நாக்கில் ஏறாது என்று முடிவுகட்டி வைத்திருந்தார் அப்பா. அவரிடம் போய்ச் சொன்னேனா? இல்லை. நான் என் பாவாடை சட்டைகளை மடித்து, கப்பலுக்கு மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்.

கப்பலுக்கு ஐந்து நாள் இருந்தது. சனிக்கிழமை. செடிகளையெல்லாம் மாடி வீட்டுப் பெரியம்மாவுக்குக் கொடுத்துவிடுவது என்று அம்மா முடிவு செய்திருந்தாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, ஒவ்வொரு தொட்டியாக இரும்புப் படியில் ஏற்றினாள். மல்லிகை ஜாடியை மேலே வைத்துவிட்டு இறங்கினாள். ரோஜாத் தகரத்தோடு ஏறினாள். இறங்கும்போது கையில் மல்லிகை ஜாடி.

"அங்க கூரை மறைக்குது. வெயில் வராது. இது செத்துப் போயிடும்" என்றாள்.

பெரியம்மா பின்னாலேயே வந்து ஜாடியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள். "நான் வெளிய வெக்கும். சாகாது."

அம்மா சிவப்புப் பூவோடு ஏறினாள். திரும்பி வரும்போது ரோஜா அவள் இடுப்பில் இருந்தது. "இதுக்குக் காத்து ஜாஸ்தி அங்க." பெரியம்மா மறுபடி ரோஜாவை மேலே எடுத்துக்கொண்டு போனாள். அம்மா மறுபடி போய் மல்லிகையோடு வந்தாள். நான் குழாயடித் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து முதலில் சிரித்தேன். ஐந்தாறு முறைக்குப் பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. ஆனால் வேர்த்து, மூச்சிரைத்து, நாய்க்குட்டிகளை இடம் மாற்றும் தாய் நாய் மாதிரி அலைந்துகொண்டிருந்தாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

சனிக்கிழமை அப்பாவுக்கு அரைநாள். மத்தியானம் அவர் உள்ளே வந்தபோது படியில் ஒருத்தி பூவோடு ஏறிக்கொண்டிருந்தாள், ஒருத்தி பூவோடு இறங்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன நடக்குது இங்க?" என்றார்.

பெரியம்மா தொட்டியைக் கீழே வைத்தாள். கடைசிப் படியில் உட்கார்ந்தாள். சுருட்டைப் பற்றவைத்தாள். "தம்பி, உன் பொண்டாட்டி ஊருக்குப் போகல" என்றாள்.

"யாரு சொன்னா?"

"அது கை சொல்லுது. ஏழு தடவ மேல போச்சு. ஏழு தடவ கீழ வந்துச்சு. நீ நல்ல ஆளு. கண்ணு மட்டும் இல்ல."

அப்பா அம்மாவைப் பார்த்தார். முகம் பார்த்து அவர் அம்மாவிடம் நேராகப் பேசியதை நான் கண்டது அதுதான் முதல் தடவை. "நீதானே நாள் எண்ணிக்கிட்டிருந்தே? சுவத்துல கோடு போட்டு?"

"நாளா? எந்த நாளு?" அம்மாவுக்கு நிஜமாகவே புரியவில்லை. சுவரைப் பார்த்தாள். அப்புறம்தான் புரிந்தது. "ஐயோ, அது வெயிலுங்க. வெயில் எதுவரைக்கும் இறங்குதுன்னு பாக்கறதுக்குப் போட்டது. மேலே இருக்கறது தையில. இந்தா, இது நேத்தைக்கு."

அப்பா சுவருக்குப் பக்கத்தில் போனார். மத்தியான வெயில் அன்று கடைசிக் கோட்டுக்கு ஒரு விரல் கீழே வந்து நின்றிருந்தது. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை பாதி வெளிச்சத்திலும் பாதி நிழலிலும் இருந்தது.

"அப்புறம் எதுக்குச் சரின்னே?"

"நீங்க போன்னீங்க."

"நான் எங்கே போன்னேன்? நீ தவிச்சுக்கிட்டிருக்கேன்னு நெனச்சில்ல..."

"நாங்க போனாத்தான் உங்களுக்கு நல்லதுன்னு சொன்னீங்களாமே?"

"யார்கிட்டச் சொன்னேன்?"

மூன்று பேரும் என் பக்கம் திரும்பினார்கள். தொட்டி விளிம்பில் உட்கார்ந்திருந்தவள் இறங்கி நின்றேன். பொய்யின் மேல் இன்னொரு பொய் சொல்ல நேரமில்லை. "எனக்குக் கப்பல்ல போகணும்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கேட்டது பெரியம்மாவின் சிரிப்பு. புகை புரையேறி இருமிச் சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. படியிலிருந்த மல்லிகை ஜாடியைத் தூக்கி, வெயில் விழும் இடமாகப் பார்த்து வைத்தாள். வெகு நிதானமாக, இனி நகர்த்தப்போவதில்லை என்கிற மாதிரி வைத்தாள். அப்பாதான் தண்டனை சொன்னார். "மேலே இருக்கற தொட்டியெல்லாம் நீ ஒருத்தியே இறக்கணும். ஒரு இலை ஒடியக் கூடாது."

ஒன்பது தொட்டி. சாயங்காலம்வரை இறக்கினேன். கடைசித் தொட்டிக்குத் திரும்பி வந்தபோது அப்பாவும் அம்மாவும் சமையற்கட்டு வாசலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கூப்பிடாமல், எதையும் என் மூலமாகச் சொல்லியனுப்பாமல். தபால் வேலை போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது.

நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி, கேட்டிருந்தால் தீர்ந்திருக்கக் கூடியதைக் கேட்காமலே கப்பலேறியும் ஏற்றியும் இருப்பார்கள் என்று சில நாள் நினைத்துக்கொள்கிறேன். அப்பாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவள் சந்தோஷமாக இருக்கட்டும் என்றுதான் தன் வீட்டை வெறுமையாக்கத் துணிந்தார். அம்மாவையும் சொல்ல முடியாது. பின்னால் போர் வந்ததும், நம்மில் பாதிப்பேர் இந்தியாவுக்கு நடந்தே போனதும், அந்தக் கட்டடம் என்ன ஆனது என்பதும் உங்களுக்கே தெரியும். அதற்கு நடுவில் எங்களுக்குப் பதினெட்டு மாசி அந்த முற்றத்தில் வாய்த்தது. கணக்குப் பார்த்தால் நல்ல லாபம்தான்.

கப்பலில் எங்களுக்கென்று சொல்லி வைத்த இடத்தை, ஊருக்குப் போகக் காத்திருந்த இன்னொரு கிளார்க் குடும்பத்துக்கு அப்பா மாற்றிவிட்டார். அம்மா தன் அப்பாவுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்ப வேண்டியிருந்ததால் கப்பல் கிளம்பும் அன்று நாங்களும் துறைக்குப் போனோம். நமக்கெல்லாம் தெரிந்த காட்சிதான். மூட்டை, தகரப் பெட்டி, கட்டிச்சோற்று வாசனை, கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அழுகை. சங்கு ஊதியது. கயிற்றை அவிழ்த்தார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் பழுப்புத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது.

அந்தக் கூட்டத்தில் என்னைப்போல் அழுதவர்கள் யாரும் இருந்திருக்க மாட்டார்கள். மற்றவர்கள் உறவுக்காக அழுதார்கள். நான் கப்பலுக்காகவே அழுதேன். அம்மா முந்தானையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு நின்றாள். தோள் இரண்டும் குலுங்கின. எனக்குப் பயமாகிவிட்டது, எட்டி அவள் முகத்தைப் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அத்தனை பேர் அழுகிற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டதே என்ற வெட்கத்தில் அதை அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் அதைப் பார்த்து மனமிளகி, "அழாதேம்மா. ஆறு மாசம் ஓடிப் போயிடும். போனவங்க திரும்பி வந்துருவாங்க" என்றார்.

அம்மா முந்தானையை இன்னும் இறுக்கினாள். அப்பாதான் அவள் தோளில் கைவைத்துக்கொண்டு, வெகு சோகமாக முகத்தை வைத்து, "நானும் அதைத்தாங்க சொல்லிக்கிட்டிருக்கேன்" என்றார்.